பெரிய பம்பும் சிறிய கிணறும்

கடற்கரைப் பங்கு ஒன்றிலிருந்து ஒரு தாயார் நமக்கு எழுதியுள்ள மடல் மூன்று பக்கங்கள் கொண்டது. முதலிரண்டு பக்கங்களில் ஆஸ்திரேலியா இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் அவருடைய வீட்டுக் கிணறு இருக்கிறது.

அங்கே செவிலியராகப் பணிபுரியும் மகளின் பேறுகாலத்துக்கு உதவியாகச் சென்று ஆறு திங்கள் தங்கியிருந்தாராம். மகள் வீட்டின் பின்புறத்தில் ஒரு நீச்சல்குளம். அதன் நீர், கூரைமேல் விரித்திருக்கும் கருநிறக் குழாய்ப் பாய்களின் வழியே சென்று, வெயிலில் இளஞ்சூடேறிக் குளத்துக்குத் திரும்புகிறது. பழைய பம்பு பழுதுபட்டபோது, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள புதிய பம்பு ஒன்றை மருமகன் வாங்கிப் பொருத்தினார். அது ஓடுகிறதா இல்லையா என்று அருகில் சென்று காது கொடுத்துத்தான் அறிய வேண்டியிருந்ததாம். நாளெல்லாம் மெதுவாக ஓடியும், குளத்துக்கான மின்செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. “நம் வீட்டுக் கிணற்றுக்கும் அப்படி ஒன்று வாங்கலாமா? இப்போது இருப்பது ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டார். மின்கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. போதாக்குறைக்கு, இரண்டு கோடையாகத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது” என்று முடித்திருக்கிறார்.

மின்கட்டணம் வேறு, உப்பு வேறு என்று அவர் எண்ணியிருக்கலாம். நமக்கோ இரண்டும் ஒரே நோயின் இரு குறிகளாகத் தோன்றுகின்றன.

முதலில் அந்த நீச்சல்குளத்தைப் பார்ப்போம். நம் மாவட்டத்தில் குளத்து நீரைச் சூடாக்கும் தேவை எவருக்கும் இல்லை. நம் பிள்ளைகள் ஊர்க்குளத்திலும் அனந்தனார் கால்வாயிலும் கடலிலும் நீந்தக் கற்றவர்கள். எனினும் அந்தப் பம்பு ஏன் அவ்வளவு சிக்கனமாக ஓடுகிறது என்பதை அறிந்துகொண்டால், நம் கிணற்றுக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்பது தெளிவாகும்.

நீச்சல்குளப் பம்பு நீரை எங்கும் உயர்த்தி வைப்பதில்லை. குளத்திலிருந்து எடுத்த நீரை வடிகட்டியின் வழியே சுழலவிட்டு மீண்டும் குளத்துக்கே தருகிறது. கூரைக்கு ஏற்றும்போதும், குழாய்கள் ஒருமுறை நிறைந்துவிட்டால், இறங்கும் நீரின் கனம் ஏறும் நீரை இழுத்துக்கொள்கிறது. ஆகவே அந்தப் பம்பின் உழைப்பெல்லாம் குழாய்களின் உராய்வை வெல்வதற்கே செலவாகிறது. இத்தகைய இடத்தில் இயற்கை ஒரு வியத்தகு சலுகை தந்திருக்கிறது. பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் நீரின் அளவு பாதியாகும். அதற்கு வேண்டிய மின்திறனோ எட்டில் ஒரு பங்காகிவிடும். இரு மடங்கு நேரம் ஓடவிட்டால் அதே அளவு நீர் சுழன்றுவிடும். மின்செலவு நான்கில் ஒரு பங்குதான். இது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் மிச்சம் சற்றுக் குறையும். வெயில் ஏறிய வேளையில் கூரைக் குழாய்களுக்காக வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவர். மற்ற நேரமெல்லாம் மெதுவாக ஓடும். அமெரிக்க அரசு 2021 ஜூலை முதல் நீச்சல்குளப் பம்புகளுக்குக் குறைந்தபட்சத் திறன் விதியொன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்ததற்கும் இக்கணக்கே அடிப்படை.

நம் கிணற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. கிணற்று நீர் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறிய நீர் திரும்பி இறங்கி நமக்கு உதவப் போவதில்லை. வேகத்தைப் பாதியாக்கினால் பம்பு நீரை உயர்த்தும் வலிமை நான்கில் ஒரு பங்காகக் குறையும். மாடித் தொட்டிவரை ஏற்ற வல்ல பம்பு, கிணற்று விளிம்புவரைகூட ஏற்றமாட்டாமல் வீணே சுழன்றுகொண்டிருக்கும். எனவே மருமகனின் பம்பை அப்படியே இங்கே கொண்டுவருவதால் பயனில்லை. ஆனால் ‘சிறியதை வைத்து, மெதுவாக எடுத்து, நெடுநேரம் ஓட்டு’ என்னும் அதன் பழக்கத்தை இங்கே கொண்டுவரலாம். அதற்கு ஏற்றவாறு நம் பம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேர்வு கடையில் தொடங்குவதில்லை, கிணற்றடியில் தொடங்குகிறது. சித்திரை மாதக் கடுங்கோடையில், கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, தரையிலிருந்து நீர்மட்டம்வரை எவ்வளவு என்று அளக்க வேண்டும். தரையிலிருந்து மேல்நிலைத் தொட்டியின் வாய்வரை உள்ள உயரத்தை அத்துடன் கூட்ட வேண்டும். குழாயின் உராய்வுக்கும் வளைவுகளுக்கும் இரண்டு மூன்று மீட்டர் சேர்த்துக்கொண்டால், பம்பு வெல்ல வேண்டிய மொத்த உயரம் கிடைத்துவிடும். நம் வாசகத் தாயாரின் கிணற்றில் கோடையிலும் 4 மீட்டரில் நீர் இருக்கிறது. தொட்டி 7 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உராய்வையும் சேர்த்து 13 மீட்டர். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் செம்புறைக்கல் மேட்டில் கிணறு ஆழமாக இருப்பின், இதே அளவு 25 மீட்டரையும் தாண்டலாம். இரு வீட்டுக்கும் ஒரே பம்பு பொருந்தாது என்பது சொல்லாமலே விளங்கும். ஆயினும் இரு வீட்டாரும் கடையில் கேட்கும் கேள்வி ஒன்றே: “எத்தனை குதிரை?”

குதிரைத்திறன் என்பது மோட்டாரின் வலிமை; பம்பின் பொருத்தமன்று. பம்பின்மீது ஒட்டியுள்ள தகட்டில், அது எத்தனை மீட்டர் முதல் எத்தனை மீட்டர்வரை நீர் ஏற்றும் என்று பொறித்திருப்பர். அந்த எல்லைகளின் நடுப்பகுதியில்தான் பம்பு சிக்கனமாக உழைக்கும். அத்தாயார் தம் மோட்டாரின் தகட்டைப் பார்த்து மடலில் எழுதியனுப்பியது நல்லதாயிற்று: 24 முதல் 45 மீட்டர். பதின்மூன்று மீட்டர் ஏற வேண்டிய இடத்தில் நாற்பத்தைந்து மீட்டர் ஏற்ற வல்ல பம்பு! அது அளவுக்கு மீறி நீரைக் கொட்டி, மோட்டாரும் சூடேறியபோது, பிளம்பர் வந்து குழாயில் ஒரு வால்வைப் பொருத்திப் பாதி மூடிவிட்டுப் போனாராம். குதிரையைச் சாட்டையால் அடித்துக்கொண்டே கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பது போன்ற வேலை இது. பிளம்பரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருந்த மோட்டாரைக் காப்பாற்ற அவருக்கு வேறு வழி இல்லை.

மின்கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஆயிரம் லிட்டர் நீரை 13 மீட்டர் உயர்த்த இயற்கை கேட்கும் விலை ஏறத்தாழ 35 வாட்-மணி. ஒரு யூனிட்டில் இருபத்தெட்டில் ஒரு பங்கு. மோட்டாரிலும் பம்பிலும் குழாயிலும் ஏற்படும் இழப்புகளால் வீட்டுப் பம்புகளில் இதைப்போல் நான்கு முதல் ஆறு மடங்கு மின்சாரம் செலவாகும். பொருத்தமான அரைக் குதிரைத்திறன் பம்பு, நிமிடத்துக்கு 40 லிட்டர் வீதம் 25 நிமிடத்தில் தொட்டியை நிரப்பினால், ஐந்தில் ஒரு யூனிட் ஆகும். அத்தாயாரின் மோட்டார் பாதி மூடிய வால்வோடு 15 நிமிடத்தில் நிரப்புகிறது; செலவு ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். தொட்டியோடு நின்றால் இரு திங்களில் பத்து யூனிட் மிச்சம். உண்மையைச் சொன்னால், இது பெரிய தொகையன்று. ஆனால் அவர் அதே மோட்டாரை நாள்தோறும் ஒரு மணி நேரம் தென்னைகளுக்கும் ஓடவிடுகிறார். அதற்கு ஒன்றரை யூனிட் ஆகிறது. அரைக் குதிரை மோட்டார் ஒன்றரை மணி நேரம் ஓடி அதே நீரை முக்கால் யூனிட்டில் தந்துவிடும். இரண்டையும் கூட்டினால் இரு திங்களுக்கு ஐம்பது யூனிட்டுக்குமேல் குறையும். படிப்படியாக உயரும் கட்டண முறையில், குறைவது நாம் மிக அதிக விலை கொடுக்கும் கடைசி யூனிட்டுகள் என்பதையும் கருத வேண்டும்.

இனி உப்புக்கு வருவோம். இவ்வளவும் எழுதியது இதன் பொருட்டே.

கடற்கரை மணலுக்கு அடியில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. மணலில் இறங்கிய மழைநீரே அந்த நன்னீர். கடல்நீர் அதைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. ஆகவே கடல்மட்டத்துக்குமேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்பது நூறாண்டுகளுக்கு மேலாக அறியப்பட்ட கணக்கு. இக்கணக்கின் மறுபக்கம் அச்சம் தருவது. மேலே நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்து அப்படியே நீடித்தால், கீழிருந்து உவர்நீர் நாற்பதடி மேலெழக்கூடும். ஆற்றல் மிகுந்த பம்பு கிணற்று நீரைச் சட்டெனத் தாழ்த்தும்போது, அந்தக் கிணற்றுக்கு நேர் கீழே உவர்நீர் ஒரு கூம்பாக எழும்புகிறது. எழும்பியது விரைவில் இறங்குவதில்லை. சிறிய பம்பு அதே நீரை நெடுநேரம் எடுத்துக்கொண்டு இறைத்தால், சுற்றிலுமுள்ள மணலிலிருந்து நன்னீர் ஊறி வந்து சேர அவகாசம் கிடைக்கிறது. மட்டம் அவ்வளவு தாழ்வதில்லை. நம் பாட்டிமார் கப்பியும் வாளியுமாகத் தண்ணீர் கோரிய நாளில், அவர்களை அறியாமலே கிணற்றுக்கு இந்த அவகாசத்தைத் தந்து வந்தனர்.

இதற்கு நாம் அறிந்த கசப்பான சான்று ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மேலமணக்குடியிலும் என்ன செய்தது என்பதை நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதே நாளில் இலங்கையின் கிழக்குக் கரையிலும், மட்டக்களப்புப் பகுதியில், எண்ணற்ற கிணறுகள் கடல்நீரால் நிறைந்தன. நிவாரணப் பணிக்கு வந்தோர் நல்லெண்ணத்தோடு அவற்றைப் பம்பு வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தனர். ஆனால் அங்கு ஆய்வு செய்த நீரியல் அறிஞர்கள் கண்டது வேறு: மிகுதியாக இறைப்பது கீழிருக்கும் உவர்நீரை மேலே இழுத்து உப்பைப் பெருக்கக்கூடும். மிதமிஞ்சி இறைக்க வேண்டாம், மழை வந்து மணலைக் கழுவும்வரை பொறுத்திருங்கள் என்பதே அவர்கள் கூறிய அறிவுரை.

கடற்கரை ஊரில் கிணறு ஒருவருடையதாகலாம்; அடியில் உள்ள நீர் தெருவுக்கே பொது. அத்தாயாரின் ஒன்றரைக் குதிரை அடுத்த வீட்டுக் கிணற்றையும் உவர்ப்பாக்கலாம். அடுத்த வீட்டாரின் மோட்டாரும் இவருடைய கிணற்றை அவ்வாறே செய்திருக்கலாம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் தூய குடிநீரை மனிதனின் அடிப்படை உரிமை என்று குறிப்பிட்டார். அதை வாசித்த நம் பங்குகளில் மரம் நட்டனர், நன்று. ஒரு தெருவில் பத்து வீட்டார் அமர்ந்து தத்தம் மோட்டார்த் தகடுகளைப் படித்துப் பார்த்தால், அதுவும் அச்சுற்றுமடலை வாசித்ததாகவே ஆகும் என்பது நம் கருத்து. சிறிய பம்பு மட்டும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2003-இல் தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழிகள் பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன் அவற்றைத் தோண்டித் துப்புரவு செய்யாவிடில், மேலிருந்து தள்ள நன்னீர் இல்லாமல் உவர்நீர் தன் இடத்தை விட்டுக்கொடுக்காது.

எவ்வகைப் பம்பு வாங்குவது என்பதில் இன்னொரு செய்தி. தரைமேல் வைக்கும் மோனோபிளாக் பம்பு நீரை ‘இழுக்கிறது’ என்கிறோம். உண்மையில், வெளியிலுள்ள காற்றின் அழுத்தம் நீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. இதை 1643-இல் இத்தாலியில் டாரிசெல்லி பாதரசத்தைக் கொண்டு காட்டினார். 1648-இல் பிரான்சில், ஆழ்ந்த விசுவாசியான பாஸ்கல் தம் மைத்துனரை ஒரு மலையுச்சிக்கு அனுப்பி மெய்ப்பித்தார். காற்று தள்ளும் உயரத்துக்கு எல்லை உண்டு: ஏட்டில் 10 மீட்டர், நடைமுறையில் 7 மீட்டர். அதற்குள் நீர் இருந்தால் மோனோபிளாக் போதும். அதற்குமேல் ஆழமென்றால் நீரில் அமிழ்த்தும் திறந்த கிணற்று நீர்மூழ்கிப் பம்பே சிக்கனமானது. ஆழக் கிணறுகளில் பலர் பொருத்தும் ஜெட் பம்பு, தான் ஏற்றிய நீரில் ஒரு பகுதியைத் திரும்பக் கீழே அனுப்பித்தான் மறுபகுதியை மேலே கொணர்கிறது. ஆகவே மின்சாரத்தைத் தாராளமாக உண்ணும். நீர் மேலாக இருக்கும் கடற்கரைக் கிணறுகளுக்கு மோனோபிளாக்கே தகும். அதன் ஃபுட் வால்வைக் கிணற்றின் அடித்தளத்தில் வைக்காமல், கோடை நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே தொங்கவிட வேண்டும். நீர் ஓரளவுக்குமேல் தாழ்ந்தால் பம்பு காற்றை உறிஞ்சித் தானே நீர் தராமல் நின்றுவிடும். அந்நேரம் மோட்டாரை உடனே நிறுத்திவிட வேண்டும். கிணறு ‘போதும்’ என்று சொல்லும் அடையாளம் அது.

குழாயையும் மறத்தலாகாது. ஓரங்குலக் குழாய்க்குப் பதில் ஒன்றேகால் அங்குலக் குழாய் பொருத்தினால், அதே நீருக்கு உராய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைகிறது. குழாயின் விலை ஒருமுறைதான். உராய்வின் விலை ஒவ்வொரு நாளும். வாங்கும் பம்பில் இந்தியத் தர நிர்ணயக் குறி உண்டா என்று பார்க்க வேண்டும்: மோனோபிளாக்குக்கு 9079, திறந்த கிணற்று நீர்மூழ்கிக்கு 14220, ஆழ்துளைக் கிணற்று நீர்மூழ்கிக்கு 8034 என்பன அவற்றின் எண்கள். எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திரக் குறியும் இருந்தால் நன்று. ஆனால் ஐந்து நட்சத்திரம் பெற்ற பம்பும் பொருந்தாத உயரத்தில் ஓடினால் மின்சாரத்தை வீணாக்கவே செய்யும்.

வீடுகளைவிட நம் நிறுவனங்களில்தான் மிச்சம் பெரிது. மாணவர் விடுதியிலோ மருத்துவமனையிலோ 5 குதிரைத்திறன் பம்பு நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 28 யூனிட் ஆகும். பொருத்தமின்மையால் மூன்றில் ஒரு பங்கு வீணானால், திங்களுக்கு 280 யூனிட். பங்குகளில் மோட்டார் பெரும்பாலும் நன்கொடையாக வருகிறது. கொடுப்பவர் பெரிதாகக் கொடுக்கவே விரும்புகிறார். மோட்டார் அறைச் சுவரில் அவர் பெயர் எழுதப்படுகிறது. மின்கட்டணத்துக்குச் சுவரில் பெயர் எழுதுவார் இல்லை. பங்குப் பேரவையினர், நன்கொடையாளரிடம் மோட்டாரைக் கேட்பதற்கு முன், உயரத்தை அளந்து அதற்கேற்ற பம்பின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். விடுதிகளில் வெந்நீருக்குச் சூரிய அடுப்பாகக் கூரையில் கொதிகலன் வைப்போர், தொட்டியைத் தகடுகளுக்கு மேலே அமைத்தால் சூடான நீர் தானே மேலேறும். அங்கே பம்பே வேண்டியதில்லை.

சூரிய ஒளிப் பம்பைப் பற்றியும் அத்தாயார் ஒரு வரி கேட்டிருக்கிறார். 2019-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் குசும் திட்டம் உழவர்களின் பாசனப் பம்புகளுக்கென அமைந்தது; வீட்டுக் கிணற்றுக்கு அதில் மானியம் எதிர்பார்க்க இயலாது. எனினும் சொந்தச் செலவில் வைக்க வசதியுள்ளோர்க்கு அது நற்பொருத்தம். வெயில் ஏற ஏற மெல்ல வேகம் கூட்டி, மேகம் மறைத்தால் தளர்ந்து, பகல் முழுதும் சிறுகச் சிறுக இறைப்பது அதன் இயல்பு. மின்கலமும் தேவையில்லை, பகலில் நிறைந்த தொட்டியே இரவுக்கான சேமிப்பு. கூரையில் ஏற்கெனவே சூரிய மின்தகடு உள்ளவர்கள், விடியற்காலையில் மோட்டாரைப் போடும் பழக்கத்தை விட்டு நண்பகலுக்கு மாற்றிக்கொண்டாலே போதும்.

அத்தாயாருக்கு நம் விடை இது: இருக்கும் மோட்டாரை விற்றுவிடுங்கள், மேட்டுப் பகுதியில் ஆழக் கிணறு உள்ள எவருக்கேனும் அது சரியாகப் பயன்படும். 8 முதல் 20 மீட்டர்வரை ஏற்றும், 13 மீட்டரில் நிமிடத்துக்கு 40 லிட்டர் அளவில் தரும் அரைக் குதிரைத்திறன் மோனோபிளாக் என்று ஒரு தாளில் எழுதி, நாகர்கோவில் கடைக்கு அத்தாளை எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் “ஒரு குதிரையாவது வைங்கம்மா, பிறகு வருத்தப்படுவீங்க” என்று சொல்வார். அவரிடம் தகட்டிலுள்ள மீட்டர் அளவை மட்டும் காட்டச் சொல்லுங்கள். குழாயை ஒன்றேகால் அங்குலமாக மாற்றுங்கள். தொட்டியில் ஒரு மிதவை சுவிட்சும் வையுங்கள். நீர் எடுப்பதைக் காலையில் பாதி, மாலையில் பாதி எனப் பிரித்துக்கொள்ளுங்கள். உப்பு உடனே குறையாது. ஒரு மழைக்காலமேனும் கடக்க வேண்டும். அடுத்த சித்திரையில் கயிற்றை மீண்டும் இறக்கி அளந்து, நீரின் சுவையையும் குறித்து நமக்கு ஒரு மடல் எழுதுங்கள். அடுத்த வீட்டாரின் மோட்டார் எத்தனை குதிரை என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.